நான்காவது மூலை

அத்தியாயம் 5

"நான்தான் காரணம். எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் சொல்லுங்க."

வெண்டல் க்ரோஃப்ட் இதை டெல்மா ரைனிக்கிடம் சொன்னபோது வியாழக்கிழமை காலை மணி பத்தே முக்கால். நாற்பத்திரண்டு வயது, ஆறடிக்கு மேல் உயரம். அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, சக்கரத்தில் ஓடும் டிரெய்லர் வீடுகள் நிற்கிற பார்க்கின் ஆபீசில், பிளாஸ்டிக் நாற்காலியில் எவ்வளவு குறைவான இடத்தில் உட்கார முடியுமோ அவ்வளவு குறைவாக உட்கார்ந்திருந்தான்.

"என்கிட்ட கையெழுத்துப் போட்டு என்ன பிரயோஜனம்? நான் போலீஸ் இல்லை," என்றாள் டெல்மா. "உங்கக்கா கூப்பிட்டாங்க, வந்திருக்கேன்."

"ஆட்டோகிராஃப்னா எனக்கு ஒண்ணு போடுங்க. பின்னாடி நீங்க பெரிய ஆளாயிட்டா உதவும்," என்றான் வாசலில் சாய்ந்து நின்ற ரூடி.

டெல்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை அளந்துவிட்டு, இப்போது பாலைவன ஊரான யூமாவில் சொந்தமாகத் துப்பறியும் தொழில். காணாமல் போன நாய், காணாமல் போன கணவன் என்று ஏதாவது வந்துகொண்டிருக்கும். இரண்டில் நாய்கள் சீக்கிரம் கிடைத்துவிடும். ரூடி அர்ச்சுலெட்டா அவளுடைய உதவியாளன், முன்னாள் டிரெய்லர் விற்பனையாளன். பதினோரு வருட விற்பனையில் தான் உண்மை பேசியது இரண்டே தடவை என்றும், இரண்டு தடவையும் வியாபாரம் கைவிட்டுப் போனது என்றும் அவனே சொல்லிக்கொள்வான்.

வெண்டலின் அக்கா ஜோலீன்தான் அந்த பார்க்கின் மேனேஜர். மேஜைக்குப் பின்னால் நின்றபடி காகிதக் கைக்குட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மணிக்கு போலீஸ் டெபுடி ஓச்சோவா வர்றாங்க, வாக்குமூலம் வாங்க. இவன் பாட்டுக்கு எல்லாம் என் தப்புன்னு எழுதிக் குடுக்கப் போறான். மெக்கானிக் லைசென்ஸ் போகும். அந்தம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஜெயிலுக்கே போவான். இன்னும் கண்ணு திறக்கலையாம் அவங்க."

"என்ன நடந்துச்சுன்னு முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள் டெல்மா.

ஜோலீன் சொன்னாள். நாற்பத்தேழாம் நம்பர் இடத்தில் ஆர்விட் நோர்க்விஸ்ட்டும் அவர் மனைவி எல்னாவும் இருக்கிறார்கள். வடக்கே பனி கொட்டும் மினசோட்டாக்காரர்கள். இருவருக்கும் எழுபதைத் தாண்டிய வயது. குளிர்காலம் வந்தால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவது எட்டு வருடப் பழக்கம். அந்த டிரெய்லரில் சாப்பாட்டு மேஜையும் சோபாவும் உள்ள பகுதி, பட்டனை அழுத்தினால் சுவரோடு சேர்ந்து வெளியே நகரும் அறை. நான்கு மூலையிலும் கேபிள் கட்டி, மோட்டார் இழுக்கிற ரகம். செவ்வாய்க்கிழமை காலை ஆர்விட் பட்டனை அழுத்தியபோது ஒரு கேபிள் அறுந்தது. அறை ஒரு பக்கமாகக் கோணி உதறியதில் மேலே இருந்த அலமாரி பெயர்ந்து எல்னாவின் மேல் விழுந்தது. வலது கை இரண்டு இடத்தில் முறிவு. தலையில் அடி.

"பத்து நாள் முன்னாடிதான் அந்தக் கேபிளையெல்லாம் நான் பரிசோதிச்சேன்," என்றான் வெண்டல். "எல்லாம் சரின்னு எழுதிக் குடுத்தேன்."

"எப்படிப் பரிசோதிப்பீங்க?"

"பழைய பனியன் துணியால கேபிளை உருவிப் பாப்பேன். ஒரு இழை அறுந்திருந்தாலும் துணி மாட்டும். அப்புறம் மூலையில இருக்கிற நட்டை முறுக்கி, தொய்வை எடுத்துட்டு, நட்டு மேல பெயின்ட்டால ஒரு கோடு. நட்டு தானா கழண்டா கோடு விலகிடும், தெரிஞ்சுரும்."

"இந்தத் தடவை?"

வெண்டல் தன் கைகளைப் பார்த்தான்.

"உள்பக்கம் எல்லாம் பாத்தேன். வெளியில மூணு மூலை பாத்தேன். நாலாவது மூலைக்குப் போறப்ப என் பொண்ணு போன் பண்ணினா. காலேஜ்ல படிக்கிறா. ஒரே அழுகை, நான் படிப்பை விட்டுட்டு வந்துடறேம்ப்பான்னு. முக்கால் மணி நேரம் பேசினேன். பேசி முடிச்சதும் சாமானைத் தூக்கிட்டு அடுத்த வண்டிக்குப் போயிட்டேன். சாயங்காலம் ஃபாரத்தை நிரப்பறப்ப நாலு கட்டம் இருந்துது. நாலுலயும் டிக் போட்டேன்."

"மறந்து போயா?"

"ஞாபகம் வெச்சுக்கிட்டுதான். நாளைக்கு ஒரு எட்டு பாத்துக்கலாம்னு நினைச்சேன். மறுநாள் வேற வேலை வந்துருச்சு."

"போய்ப் பாத்தீங்களா, விபத்துக்கு அப்புறம்?"

"எதைப் பாக்கணும்? அந்தக் கேபிளையா?" அவன் குரல் உயர்ந்தது. "ரெண்டு நாளா கண்ணை மூடினா அதைத்தான் பாக்கறேன்."

டெல்மா எழுந்தாள். "ரெண்டு மணி வரைக்கும் பேனாவைத் தொடாதீங்க. ஜோலீன், இவர் பக்கத்துல பேனா இல்லாம பாத்துக்குங்க."

வெளியே வெயில் இதமாக இருந்தது. தரையில் கோலால் தட்டு தள்ளி ஷஃபிள்போர்டு ஆடிக்கொண்டிருந்த நான்கு கிழவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு இவர்களையே பார்த்தார்கள். முன்னூறு டிரெய்லர் நிற்கிற இடம். எல்லா வண்டிக்கும் வெண்டல்தான் கை வைத்தவன். போன வாரம் வரை அவனுக்குப் பேரீச்சம்பழ கேக் கொண்டுவந்து கொடுத்தவர்கள்.

"ஒரு மனுஷன் இவ்வளவு ஆசையா ஜெயிலுக்குப் போறதை நான் பாத்ததே இல்லை மேடம்," என்றான் ரூடி. "இவரை மாதிரி நாலு பேர் இருந்தா நமக்குத் தொழிலே வேணாம்."

"தப்பை ஒத்துக்கறவன் சொல்றதை யாரும் சரிபார்க்க மாட்டாங்க, ரூடி. இருபது வருஷத்துல நானே பல பேரை அப்படி விட்டிருக்கேன். ஒத்துக்கிட்டாங்களா, ஃபைலை மூடு."

"இப்ப அந்த ஃபைலையெல்லாம் திறக்கவா போறோம்?"

"ஒண்ணே ஒண்ணை மட்டும்."

நாற்பத்தேழாம் நம்பரில் டிரெய்லர் அடிபட்ட மாடு மாதிரி நின்றது. வெளியே நீளும் அறை பாதியில் மாட்டிக்கொண்டு கோணலாகத் தொங்கியது. முன்பக்கம் மேல் மூலையிலிருந்து ஒரு கேபிள் துண்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

ஆர்விட் போலீஸில் கொடுத்த வாக்குமூலத்தின் நகலை ஜோலீன் தந்திருந்தாள். டெல்மா அதை எடுத்துப் படித்தாள். "திங்கட்கிழமை ராத்திரி புழுதிக்காத்து அடிச்சது. அதனால அறையை உள்ள இழுத்து மூடி வெச்சோம். செவ்வாய்க்கிழமை காலையில திறக்கிறப்ப கேபிள் அறுந்துச்சு. சரி. ரூடி, நீ வித்த சரக்குதானே. இது எப்படி வேலை செய்யுது, சொல்லு."

ரூடி இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டான். பழைய தொழில் குரல் தானாக வந்தது. "மேஜை டிராயர் தெரியுமில்ல? அதுக்குள்ள குடித்தனம் நடத்துறதுதான் இது. டிராயரை வெளியே இழுக்க ஒரு செட் கேபிள், உள்ளே இழுக்க ஒரு செட். உள்பக்கம் தெரியற கேபிள் அறையை வெளியே தள்ளும். வெளிப்பக்கம் தெரியற கேபிள் அறையை உள்ள இழுக்கும்."

"மாத்திச் சொல்றியா?"

"இல்லை மேடம். கயித்தால ஒரு பெட்டியை வீட்டுக்குள்ள இழுக்கணும்னா, பெட்டியோட வெளி ஓரத்துல கயித்தைக் கட்டி வாசல் பக்கமா இழுப்பீங்க. அதேதான்."

"அப்ப அறையை வெளியே திறக்கிறப்ப இந்த வெளிக் கேபிள் மேல பாரம் இருக்காது."

"சும்மா கூட வரும், கல்யாணத்துக்குக் கூட வர்ற..." ரூடி பாதியில் நிறுத்தினான். தொங்கிக்கொண்டிருந்த துண்டைப் பார்த்தான். "அறுந்தது வெளிக் கேபிள்."

"ஆமா."

"அப்ப அவரு திறக்கலை. மூடியிருக்காரு."

"ஒரு சாட்சி பத்தாது. ஏணி கொண்டா."

அறையின் கூரை மேல் திங்கட்கிழமைப் புழுதி ஒரு போர்வை மாதிரி படிந்திருந்தது. டிரெய்லரின் சுவரும் கூரையும் சேருமிடத்தில், ரப்பர் பட்டையை ஒட்டி, அந்தப் புழுதி ஒரு சின்ன வரப்பாகக் குவிந்திருந்தது. நடுவே காய்ந்த அரளி இலைகள். கத்தியால் மேஜையை வழித்தால் ரொட்டித் துகள் ஒரு பக்கமாகச் சேருமே, அப்படி.

"ராத்திரி அறை உள்ள இருந்திருந்தா இந்தக் கூரையில புழுதி எப்படி விழும்?" என்றாள் டெல்மா ஏணியிலிருந்தபடி. "ராத்திரி முழுக்க வெளியேதான் இருந்திருக்கு. காலையில உள்ள போறப்ப ரப்பர் வழிச்சு விட்டிருக்கு."

"மூடுறதுக்கு முன்னாடி கூரையைக் கூட்டணும்னு இவங்க எல்லாருக்கும் தெரியும் மேடம். எட்டு வருஷமா வர்ற ஆளு கூட்டாம மூடினாருன்னா, தலை போற அவசரம்."

டெல்மா இறங்கவில்லை. மூலையிலிருந்த நட்டைப் பார்த்தாள். மேலே வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு, விலகாமல் நேராக இருந்தது. ரூடியின் கைக்குட்டையை வாங்கி, அறுந்த துண்டை நட்டிலிருந்து முறிவு வரை உருவினாள். எங்கும் மாட்டவில்லை. முறிந்த முனையில் மட்டும் இழைகள் பூ மாதிரி விரிந்து, எல்லாமே புதுசாக மின்னின. துருவே இல்லை.

பிறகு மற்ற மூன்று மூலைகளையும் பார்த்தாள். இரண்டில் வெள்ளைக் கோடு. பின்பக்கம் கீழ் மூலையில் அரளிச் செடியை விலக்கிக் குனிந்து பார்த்தபோது, மஞ்சள் கோடு. அந்தக் கேபிளையும் உருவினாள். குளவி ஒன்று அவள் காதைச் சுற்றிவிட்டுப் போனது.

"பெயின்ட் தீர்ந்து போயிருக்கும்," என்றான் ரூடி.

"இருக்கலாம்," என்றாள் டெல்மா. அந்தக் குரலில் சம்மதம் இல்லை.

உள்ளே போனார்கள். பெயர்ந்த அலமாரி தரையில் கிடந்தது. அதைத் தாண்டி டெல்மா பார்த்தது வேறு. பிரிட்ஜ் கதவில் பட்டை போட்டு இறுக்கியிருந்தது. தட்டுகள் துண்டில் சுற்றி, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் அடுக்கியிருந்தன. சுவரிலிருந்த படங்கள் இறக்கப்பட்டு மெத்தைக்கு நடுவில் இருந்தன.

"ஊருக்குக் கிளம்பறதுக்கு மூட்டை கட்டியிருக்காங்க," என்றான் ரூடி. "ஆனா மார்ச் கடைசி வரைக்கும் இவங்களுக்கு இடம் இருக்கே. பிப்ரவரியில மினசோட்டாவுக்கு யாராவது போவாங்களா? அங்க இப்ப மூக்கைத் தொட்டா கையோட வந்துரும்."

சமையல் மேடையின் அடிப்பலகையில், முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே, பிறை நிலா வடிவத்தில் ஒரு புதுத் தழும்பு. கறுப்புக் கறை. நேர் எதிரே, நகர்ந்து வந்த பெஞ்சின் மரத்திலும் அதே பிறை. அடுப்புக்கு மேலே சுவரில் ஆணி இருந்தது. ஆணிக்குக் கீழே வட்டமாக ஒரு வெளுத்த அடையாளம். அங்கே மாட்டியிருந்த சாமானைக் காணோம்.

ரூடி தழும்பைப் பார்த்தான். ஆணியைப் பார்த்தான். "இரும்பு வாணலி. ஆனா ஆம்லெட் போட்டா இப்படித் தழும்பு விழாதே மேடம்."

"மேடைக்கும் பெஞ்சுக்கும் நடுவுல யாரோ சொருகியிருக்காங்க. அறை மூட முடியாதபடி." டெல்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "கிளம்பு. ஆஸ்பத்திரிக்கு."

ஆர்விட் நோர்க்விஸ்ட் மூன்றாவது மாடி நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். சட்டையின் கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார். ஒரு பெண்ணின் மூக்குக்கண்ணாடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். எதிரே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் எல்னா படுத்திருந்தாள்.

ரூடி காபி வாங்கி வந்து கொடுத்தான். அவர் நன்றி சொல்லிவிட்டு நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டார்.

"செவ்வாய்க்கிழமை எங்க கிளம்பினீங்க சார்?" என்றாள் டெல்மா.

"எங்கயும் இல்லை. டெபுடிகிட்ட எல்லாம் சொல்லிட்டேனே. அறையைத் திறந்தேன், கேபிள் அறுந்துது."

"திறக்கிறப்ப அந்தக் கேபிள்ல பாரமே இருக்காது. கூரையில புழுதி ரப்பரை ஒட்டிக் குவிஞ்சு கிடக்கு. நீங்க மூடியிருக்கீங்க."

அவர் கண்ணாடியின் காம்புகளை மடக்கினார். பிரித்தார்.

"வாணலி எங்க சார்?"

ஒரு நர்ஸ் தள்ளுவண்டியோடு கடந்து போனாள். அந்தச் சத்தம் அடங்கிய பிறகு கிழவர் சொன்னார்.

"டிரக்குல. சீட்டுக்கு அடியில. தூக்கிப் போடத்தான் எடுத்துட்டுப் போனேன். முடியலை. எல்னாவோட அம்மா குடுத்தது அது."

"யார் சொருகினாங்க?"

"அவதான்." அவர் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். "ரெண்டு வருஷமா அவளுக்கு ஞாபகம் போயிக்கிட்டே இருக்கு. முதல்ல சாவி. அப்புறம் வழி. இப்ப சில நாள் நான் யாருன்னே தெரியறதில்லை. உன்னை எந்த முதியோர் விடுதியிலயும் விடமாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருந்தேன். அவ கேக்காமலேதான் குடுத்தேன். எனக்கும் எழுபத்தாறாச்சு. ராத்திரியில எழுந்து கதவைத் திறந்துட்டுப் போயிடறா. நான் தூங்கி ஒரு வருஷமாச்சு."

"இடம் கிடைச்சுதா?"

"மான்கேட்டோவுல, எங்க ஊர்ப் பக்கம். திங்கட்கிழமை போன்ல சொன்னாங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா ஒரு ரூம் இருக்குன்னு. இவகிட்ட பல் டாக்டர்கிட்ட போறோம்னு சொன்னேன். ராத்திரியே சாமான் கட்டினேன். நான் போன்ல பேசினதைக் கேட்டிருக்கா. புரிஞ்சிருக்கு. என் பேரு மறந்து போறவளுக்கு, அந்த அறை மூடலைன்னா வண்டி நகராதுங்கிறது மட்டும் மறக்கலை."

ரூடி சுவரில் சாய்ந்து நின்றான்.

"மோட்டார் முனகினப்பவே பட்டனை விட்டிருக்கலாமே சார்," என்றாள் டெல்மா மெதுவாக.

"அவ நிறுத்து நிறுத்துன்னு கத்தினா. குளிக்கக் கூப்பிட்டாலும் நிறுத்துன்னு கத்துவா. பல் தேய்க்கச் சொன்னாலும் அதேதான். ரெண்டு வருஷமா அந்த ஒரு வார்த்தை. பழகிப் போச்சு எனக்கு. வாணலியை நான் பார்க்கலை. அது பொய்யில்லை. ஆனா அவ கத்தினது கேட்டுது. கேட்டும் பட்டன்லேர்ந்து விரலை எடுக்கலை." கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். மறுபடி எடுத்தார். "கோவம். அதனாலதான் எடுக்கலை."

டெல்மா அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வெண்டல் இன்னிக்கு ரெண்டு மணிக்குக் கையெழுத்துப் போடப் போறார். தெரியுமா?"

"தெரியும். அந்தத் தம்பியே தன் தப்புன்னு ஒத்துக்கிட்டார்னு டெபுடி சொன்னாங்க. எனக்கு அப்பாடான்னு இருந்துது. அதுக்கப்புறம் ரெண்டு நாளா ஒரு வாய் சோறு இறங்கலை."

"நீங்க வந்து சொல்லணும்."

"இவளை விட்டுட்டு எப்படி வர்றது?"

"வரலைன்னாலும் நான் சொல்லத்தான் போறேன் சார். நீங்களே சொன்னா வேற மாதிரி இருக்கும்."

அவர் கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். டெல்மாவும் ரூடியும் லிஃப்டை நோக்கி நடந்தார்கள்.

கார் கீரைத் தோட்டங்களைத் தாண்டி நெடுஞ்சாலை ஏறிய பிறகு ரூடி சொன்னான்.

"இந்த மாதிரி வண்டி நாப்பது வித்திருப்பேன் மேடம். ஒரு பட்டன், வீடு பெரிசாயிரும்னு சொல்லுவேன். ஜனங்க வாயைப் பொளப்பாங்க. மூடறப்ப ஒரு ஆளு வெளியிலயும் ஒரு ஆளு உள்ளயும் நின்னு பாருங்க, முனகினா விரலை எடுங்கன்னு ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை. சொன்னா, இது ஆபத்தா இருக்கும் போலிருக்கேன்னு நினைப்பாங்களே."

"உனக்கும் ஒரு வாக்குமூல ஃபாரம் வாங்கித் தரட்டுமா?"

"ஒண்ணு பத்தாது. கட்டா வாங்குங்க."

டெல்மா சிரிக்கவில்லை. "வெண்டல் இன்னும் தப்பிக்கலை ரூடி. ஆர்விட் அழுத்தினார், சரி. வாணலி தடுத்துது, சரி. ஆனா நல்ல கேபிளா இருந்திருந்தா தாங்கியிருக்கும், மெக்கானிக் பாக்காம விட்டதாலதான் அறுந்துதுன்னு நாளைக்கு இன்சூரன்ஸ்காரன் சொல்லுவான். நானா இருந்தா அப்படித்தான் சொல்லியிருப்பேன். மூணு வெள்ளை, ஒரு மஞ்சள். அது ஏன்னு தெரியணும்."

"மணி ஒண்ணு நாப்பத்திரண்டு."

"மிதி."

அவர்கள் ஆபீசுக்குள் நுழைந்தபோது டெபுடி ஓச்சோவா ஏற்கனவே வந்துவிட்டிருந்தாள். மேஜை மேல் ஒரு தாள். வெண்டலின் கையில் பேனா. ஜோலீன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்," என்றாள் ஜோலீன் திரும்பாமலேயே. "டெபுடிகிட்டயே பேனா வாங்கிட்டான்."

"வெண்டல், ஒரே ஒரு கேள்வி," என்றாள் டெல்மா. மூச்சு வாங்கியது. "நட்டு மேல கோடு போடுவீங்களே. இந்த வருஷம் என்ன கலர்?"

"வெள்ளை."

"போன வருஷம்?"

"மஞ்சள். வருஷா வருஷம் கலரை மாத்துவேன். அப்பத்தான் எது புதுசுன்னு தெரியும். எதுக்குக் கேக்கறீங்க?"

"எந்த மூலையில ஆரம்பிப்பீங்க?"

"முன்பக்கம் மேல. அப்புறம் முன்பக்கம் கீழ. அப்புறம் பின்பக்கம் மேல. பின்பக்கம் கீழ கடைசி. அங்க அரளிப் புதர், குளவி இருக்கும். அதனால எப்பவும் அதைக் கடைசிக்கு வெச்சுப்பேன். அதைத்தான் நான் பாக்காம..."

"அது அப்படியே இருக்கு," என்றாள் டெல்மா.

டெபுடி தாளிலிருந்து நிமிர்ந்தாள். டெல்மா தொடர்ந்தாள்.

"பின்பக்கம் கீழ் மூலை. மஞ்சள் கோடு. போன வருஷக் கோடு. நீங்க பாக்காம விட்டது அதுதான். அது அறுந்து போகலை. துணி போட்டு உருவிப் பாத்தேன், ஒரு இழை மாட்டலை. அறுந்தது முன்பக்கம் மேல் மூலை. வெள்ளைக் கோடு. நீங்க முதல்ல பாத்தது. நல்லாத்தான் பாத்திருக்கீங்க. முனையில ஒரு துரு இல்லை. வாணலியை நசுக்கற பாரம் வந்தா எந்தக் கேபிளும் போகும்."

"வாணலியா?" என்றாள் டெபுடி.

"சொல்றேன். முதல்ல அது என் வாயால வரக்கூடாது, சொல்ல வேண்டியவர் வர்றாரான்னு பாப்போம். கொஞ்சம் பொறுங்க."

வெண்டல் பேனாவை மூடினான். திறந்தான். ஜோலீன் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கேட்டியாடா? கேட்டியா? நீ இல்லடா!"

அவன் முகத்தில் வெளிச்சம் வரும் என்று ரூடி காத்திருந்தான். வரவில்லை.

"ஆனா நாலாவதை நான் பாக்கலையே," என்றான் வெண்டல்.

"பாக்கலை."

"பாத்ததா டிக் போட்டேனே. அது அறுந்திருந்தா?"

"அறுந்திருக்கலாம். அதை எழுதுங்க," என்றாள் டெல்மா. "ஒரு மூலையைப் பாக்காம டிக் போட்டேன்னு எழுதுங்க. அது உங்களோடது. லைசென்ஸ்காரங்க என்ன சொல்றாங்களோ சொல்லட்டும். அடுத்தவர் தப்பையும் சேர்த்து எழுதாதீங்க. நீங்க எல்லாத்தையும் வாரிப் போட்டுக்கிட்டா, அந்த மனுஷர் தன்னோடதை எங்க கொண்டு போய் வைப்பார்?"

கதவு திறந்தது. ஆர்விட் நோர்க்விஸ்ட் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வேகமாக ஓட்டி வந்திருக்க வேண்டும். இன்னொரு கையில் கறுப்பாக, கனமாக, இரும்பு வாணலி. அதன் விளிம்பில் பெஞ்சு மரத்தின் சிராய் ஒட்டியிருந்தது.

அவர் அதை மேஜை மேல் வைத்தார். "இது என்னன்னு சொல்லத்தான் வந்தேன்," என்றார் டெபுடியிடம். பிறகு வெண்டலைப் பார்த்தார்.

வெண்டல் எழுந்தான். அத்தனை உயரமும் எழுந்தது. அடிக்கப் போகிறானோ என்று ரூடி ஒரு அடி முன்னால் வந்தான்.

"எல்னாம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டான் வெண்டல்.

டெல்மாவுக்கு முகம் சுட்டது. ஆஸ்பத்திரியில் அரை மணி நேரம் அந்தக் கிழவரோடு உட்கார்ந்திருந்தாள். கேபிளைக் கேட்டாள், புழுதியைக் கேட்டாள், வாணலியைக் கேட்டாள். இந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

"நீங்க போய் அஞ்சு நிமிஷத்துல கண்ணு முழிச்சா," என்றார் ஆர்விட், டெல்மாவைப் பார்த்து. "பொழைச்சுருவாங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். என்னைப் பாத்து, நீங்க யாரு, ஏன் அழறீங்கன்னு கேட்டா. உன்னை ஊருக்குக் கூட்டிட்டுப் போக வந்தவன்னு சொன்னேன். அவ, நான் வரலைன்னுட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றான் வெண்டல்.

"சரின்னேன். எப்படிச் சமாளிக்கப் போறேன்னு தெரியலை. சரின்னுட்டேன்."

வெண்டல் தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினான். கிழவர் உட்காரவில்லை. இருவரும் மேஜைக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

டெபுடி ஓச்சோவா பழைய தாளை இரண்டாகக் கிழித்தாள். புதுத் தாள் ஒன்றை எடுத்து, பேனாவை வெண்டலின் கையிலிருந்து வாங்கினாள்.

"பேரு?" என்றாள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.